இன்ஸ்பெக்டருக்கு நான் சொன்ன பதில்

எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். உங்கள் அம்மாவே கல்யாணமாகி இரண்டு வருஷம் வரைக்கும் நம்பவில்லை. என் அப்பா அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை என்பது ஊரறிந்த சங்கதி. ஆனாலும் பத்து வயசு முடிகிற வரைக்கும் எனக்கு ஒரு தம்பி இருந்தான். அதற்குப் பிறகு இல்லை. அவன் செத்துப்போகவில்லை. இன்றைக்கும் ஆம்பூரில் நன்றாகத்தான் இருக்கிறான். அவன் தம்பியாக இல்லாமல் போனதற்கு ஒரு பாடப் புத்தகம் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். புத்தகத்தின் பேரில் பழி போடுவது சுலபம், அது திருப்பிப் பேசாது.

நேற்று நீங்கள் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கதையில் வருகிற இன்னாருக்கும் இன்னாருக்கும் உறவு என்ன என்று ஒரு கேள்வி வந்தது. பெரியவள் ஒரே வார்த்தையில் பதில் எழுதிச் சிலேட்டுப் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு விளையாட ஓடினாள். பதில் சரிதான். இருந்தாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எட்டாவதுக்கு மேல் படித்தவன் இல்லை, எழுதிப் பழகினவனும் இல்லை. தப்புத் தவறு இருந்தால் பொறுத்துப் படியுங்கள்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். ரயிலில் வருகிறவர்களுக்கு ஊர் கண்ணில் படுவதற்கு முன்னால் மூக்கில் படும். பச்சைத் தோலும், சுண்ணாம்பும், ஆவாரம்பட்டை ஊறின தண்ணீரும் சேர்ந்த வாசனை. ஊரில் இருக்கிற எங்களுக்கு அது தெரியாது. வேலூருக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டுத் திரும்பினால் தெரியும், அதுவும் ஸ்டேஷனில் இறங்கின அரை மணி நேரத்துக்குத்தான்.

தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் தோல் ஷாப் என்போம். அப்பா ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்கு மேஸ்திரி. தோலில் இருக்கிற மயிர் கழன்று வருவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். மேஸ்திரி என்றால் ஓரமாக நின்று கை நீட்டுகிறவர் என்று நினைக்காதீர்கள். நாள் முழுக்க முழங்கை வரைக்கும் அந்தத் தண்ணீரில்தான் கை இருக்கும். அப்பாவின் விரல்களில் வெடிப்பு ஆறி நான் பார்த்ததில்லை. சோறு பிசைந்தால் குழம்பின் காரம் வெடிப்பில் இறங்கி எரியும் என்பதால் அம்மாதான் பிசைந்து உருட்டி வைப்பாள். அப்பா உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். எல்லா வீட்டிலும் அப்பாமார்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷாப் முதலாளியின் வீடு. அவர்கள் முஸ்லிம்கள். வீட்டுக்குள் உருது, தெருவில் தமிழ். நாங்கள் கிறிஸ்தவர்கள்.

நான் பிறந்து நாலு மாசம் கழித்து முதலாளி வீட்டில் ஆண் பிள்ளை பிறந்தது. ஐந்தாம் நாள் தாய்க்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. ஆட்டுப்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடந்ததாம். ஒரு காலையில் முதலாளியே எங்கள் வாசலில் வந்து நின்றார். குழியில் ஏதோ தோல் கெட்டுப்போய்விட்டது, நம்மைப் பிடிக்க வந்திருக்கிறார் என்று அப்பா பதறிப்போய்த் துண்டைத் தேடினாராம். முதலாளி அப்பாவிடம் பேசவே இல்லை. கதவுக்குப் பின்னால் என்னை வைத்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்து, தங்கச்சி, என் பிள்ளைக்குப் பால் வேணும் என்று மட்டும் சொன்னாராம்.

அன்றைக்குச் சாயங்காலமே ஆள் வந்து கொல்லைச் சுவரை ஓரிடத்தில் இடித்து, குனிந்து போகிற அளவுக்கு ஒரு வழி வைத்தார்கள். தெருவைச் சுற்றிக்கொண்டு போனால் பிள்ளை பசி தாங்காது என்று. ஒன்றரை வருஷம் அம்மா அந்த வழியாகப் போய்ப் போய் வந்தாள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவன்.

அவர்கள் மார்க்கத்தில் ஒரு முறை உண்டு. ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் எல்லாரும் உடன்பிறந்தவர்கள். பேச்சுக்காகச் சொல்வது இல்லை. அவர்களுக்குள் கல்யாணச் சம்பந்தமே கூடாது என்கிற அளவுக்கு உறவு. தூத் என்றால் அவர்கள் பாஷையில் பால். என் அம்மாவை அவன் தூத்மா என்றுதான் கூப்பிட்டான். என்னை அண்ணே என்றான். நாலு மாசம்தான் மூப்பு, இருந்தாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ரம்ஜான் பெருநாள் அன்று தொழுகை முடிந்து, தலையில் புதுத் தொப்பியும் காதுமடலில் அத்தர் பஞ்சுமாக வருவான். பெற்ற தாய்க்கு ஒரு ஸலாம். அடுத்தபடி சுவர் வழியாகக் குனிந்து வந்து என் அம்மாவுக்கு ஒன்று. பின்னாலேயே மூடின பீங்கான் கிண்ணத்தில் பாலும் சேமியாவும் பேரீச்சம்பழமும் போட்டுக் காய்ச்சின ஷீர்குர்மா வரும், அம்மாவுக்குப் புதுப் புடவை வரும். கிண்ணத்தில் முதல் வாய் அம்மா அவனுக்கு ஊட்ட வேண்டும், இரண்டாவது எனக்கு. மூத்தவன் நான் இருக்கும்போது அவனுக்கு எப்படி முதலில் என்று வருஷா வருஷம் சண்டை போடுவேன். நீ தெனம் திங்கறவன், அவன் பெருநாள் பிள்ளைடா என்பாள் அம்மா. டிசம்பரில் கேக் செய்கிற வசதி எங்களுக்கு இல்லை. அதிரசம் சுட்டு அவனுக்கு முதல் அதிரசம் கொடுப்பாள். அதற்கும் சண்டைதான்.

இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தோம். நாலு வகுப்புக்கும் ஒரே கூடம், ஒரே வாத்தியார். அவர் வாலாஜாபேட்டைக்காரர். ஊர் வாசனை அவருக்குக் கடைசி வரைக்கும் பழகவில்லை. மேல்துண்டின் நுனியில் ஜவ்வாது தடவிக்கொண்டு வந்து, கணக்குப் போடச் சொல்லிவிட்டு அந்த நுனியை மோந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். கெட்டவர் இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பரீட்சை பண்ணுவார், எத்தனை பேர் தேறுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் உதவி. அதனால் இன்ஸ்பெக்டர் வருகிற மாசத்தில் மட்டும் அவருக்கு ஜவ்வாது மறந்துபோகும், பிரம்பு ஞாபகம் வரும்.

நாங்கள் நாலாவது படித்த வருஷம், புத்தகத்தில் ஒரு கதைப் பாடம் வந்தது. கதை இதுதான். தனபாலன் என்று ஒரு வணிகன் மகன். அவனுக்குப் பால் கொடுத்து வளர்த்த செவிலிக்கும் ஒரு மகன். இரண்டு பேரும் வெளியூர்ச் சந்தைக்குப் போகும்போது வழி தவறி ஒரு பொட்டல் காட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு சுரைக்குடுவைத் தண்ணீர்தான் மீதி. செவிலி மகன், நான் முன்பே குடித்துவிட்டேன் என்று பொய் சொல்லி, தண்ணீர் முழுவதையும் தனபாலனுக்குக் கொடுத்துவிடுகிறான். கடைசியில் தாகத்தால் மயங்கி விழுகிறான். தனபாலன் அவனை முதுகில் சுமந்துகொண்டு ஒரு நாள் முழுக்க நடந்து ஊர் போய்ச் சேருகிறான். இருவரும் பிழைத்தார்கள். ஆகையால் எஜமானனிடத்தில் விசுவாசமுள்ள ஊழியனை உலகம் போற்றும் என்று பாடம் முடியும்.

வாத்தியார் பாடத்தை வாசித்து முடித்துவிட்டு, தனபாலனுக்கும் செவிலி மகனுக்கும் என்ன உறவு என்று கேட்டார். தம்பி கை தூக்கினான். அவனாகக் கை தூக்குவது அபூர்வம்.

"அண்ணன் தம்பி சார்."

எப்படி என்று கேட்டார் வாத்தியார். இரண்டு பேரும் ஒரே பால் குடித்தவர்கள் என்று தம்பி சொன்னான். அதில் சந்தேகத்துக்கு என்ன இருக்கிறது என்கிற மாதிரி சொன்னான்.

"ஏன்டா, ஊர்ல பாதிப் பேரு ஒரே மாட்டுப் பாலத்தான் குடிக்கிறான். அவன் எல்லாம் கன்னுக்குட்டிக்கு அண்ணன் தம்பியா?"

கூடம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர் மாடு என்று சொன்னது யாரை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தம்பிக்கு உறைத்தது. அவன் உட்காராமல் நின்றுகொண்டே, அது வேற சார், இது வேற சார் என்று இரண்டு தரம் சொன்னான். பிரம்பால் உள்ளங்கையில் இரண்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

சரியான பதிலை வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டார். வாய்ப்பாடு மாதிரி நாங்கள் அதைக் கோரஸாகச் சொல்ல வேண்டும். தனபாலன் எஜமானன், செவிலி மகன் ஊழியன். எஜமானன் குணம் தயை, ஊழியன் குணம் விசுவாசம். ஒரு வாரத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

அன்று சாயங்காலம் தம்பி நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். கையை நீட்டி அம்மாவிடம் காட்டினான். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதுக்குடா அடிச்சாரு என்று கேட்டாள். வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியல தூத்மா என்றான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பாடத்தை வாசிக்கச் சொன்னாள். நான் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தச் செவிலிக்கு இன்னா பேரு?"

பேர் போடவில்லை என்றேன். மகனுக்கு? அவனுக்கும் போடவில்லை. ரெண்டு புள்ளைங்களும் வரலேன்னு அவ எங்கெல்லாம் தேடினா, அது இருக்குதா என்றாள். அதுவும் இல்லை. அப்போ பாதிக் கதைதான் எழுதியிருக்கான் என்று சொல்லிவிட்டு அரிசியைக் களையப் போய்விட்டாள். எனக்கு அம்மாவின் பேரில் கோபம் வந்தது. புத்தகத்தில் அச்சடித்ததைப் போய்ப் பாதி என்கிறாளே, படிக்காதவர்கள் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி விடுகிற பிள்ளை இல்லை. ஷாப் பின்புறத்தில் ஆவாரம்பட்டையைக் காயவைத்து மலை மாதிரி குவித்திருப்பார்கள். அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்தால் பாலாற்று மணல் வரைக்கும் தெரியும். எங்கள் பெரிய விவகாரம் எல்லாம் அங்கேதான். மறுநாள் என்னை அங்கே கூட்டிப் போய், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"நீயே சொல்லு அண்ணே. எஜமான் எவனாவது வேலக்காரன முதுகுல தூக்குவானா? எங்க அப்பா யாரயாவது தூக்கி நீ பாத்திருக்கியா?"

"உங்க அப்பாவுக்கு இடுப்பு வலி."

அவன் சிரித்துவிட்டான். பிறகு மறுபடி புத்தகத்தைக் காட்டினான். தனபாலன் ஏன் தூக்கினான் என்று இதில் எங்கேயும் எழுதவில்லை, எழுதாததனால் வாத்தியார் தயை என்று சொல்லிக்கொள்கிறார், நான் வேறே சொல்கிறேன், இதில் என்ன தப்பு என்றான். செவிலி மகன் அவனை சின்ன எஜமான் என்றுதானே கூப்பிடுகிறான் என்று நான் ஒரு வரியைக் காட்டினேன். அதை விரல் வைத்து இரண்டு தரம் படித்துப் பார்த்தான். ஊர் வாயிக்காகக் கூப்புடுவான் அண்ணே, ரெண்டு பேரும் தனியா இருக்கும்போது இன்னா கூப்புட்டான்னு எழுதல பாரு என்றான்.

இந்த மாதிரி ஒரு பாடத்தைத் துருவிப் படித்தவனை நான் அப்புறம் வேலூரில்கூடப் பார்த்ததில்லை. கணக்கில் அவன் மந்தம், எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அந்த ஒரு கதையை மட்டும் அவன் தன் வீட்டுக் கதையாகப் படித்தான். நான் பரீட்சைக்குப் படித்தேன்.

இன்ஸ்பெக்டர் கேட்டால் இரண்டு பேரும் அண்ணன் தம்பி என்றே சொல்வோம் என்றான். ஒருத்தன் சொன்னால்தான் அடிப்பார்கள், இரண்டு பேர் சொன்னால் யோசிப்பார்கள். நான் சரி என்றேன். சத்தியம் பண்ணட்டுமா என்று கை நீட்டினேன். சத்தியமெல்லாம் வேணாம், நீ சொன்னா போதும் என்றான்.

சரி என்று சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் அவனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அதை அவன் யோசிக்கவில்லை, யோசிக்கிற அவசியம் அவனுக்கு இல்லை. தேறாவிட்டால் அவன் அடுத்த வருஷம் அதே வகுப்பில் உட்காருவான், அவ்வளவுதான். நாலாவது நல்லபடியாகத் தேறினால் என்னை வேலூரில் ஹாஸ்டலோடு இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகப் பாதிரியார் அப்பாவிடம் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் அப்பாவோடு குழிக்குப் போக வேண்டும். என் வயசுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஏற்கெனவே அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அப்பா இதை அதட்டிச் சொல்லவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இப்படியே இருக்கட்டும்டா என்றார். அவர் விரல் சொரசொரவென்று பட்டது.

இன்ஸ்பெக்டர் வருகிற நாளுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். வாத்தியார் முதலாளியைப் போய்ப் பார்த்து, அந்த ஒரு நாள் மட்டும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஈரத் தோல் விரிக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். விரிக்கலே வாத்தியாரே, ஆனா காத்து என் ஆள் இல்லியே, அதுக்கு நான் இன்னான்னு சொல்றது என்றாராம் முதலாளி. வாத்தியாருக்கு அதுவும் கவலையாகப் போய்விட்டது. அந்தக் கவலையோடு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதைப் பாடத்துக்கு முதலில் உன்னைத்தான் நிறுத்தப்போகிறேன், முதல் பையன் சரியாகச் சொன்னால் மற்றவர்களை இன்ஸ்பெக்டர் துருவிக் கேட்கமாட்டார், தப்பாகச் சொன்னாயோ வேலூரை மறந்துவிடு என்றார். பயமுறுத்துகிற குரல் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நான் தலையை ஆட்டினேன். தம்பிக்கும் தலையை ஆட்டியிருந்தேன். ஒரே தலை.

இன்ஸ்பெக்டர் காலை ரயிலில் வந்தார். கோட்டும் தலைப்பாகையும். நாங்கள் நினைத்த மாதிரி கடுமையான ஆள் இல்லை. வெயிலில் வண்டியில் வந்த களைப்பில் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். காற்று நல்லபடியாக ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வாத்தியார் என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

இந்தக் கதையில் வரும் இருவருக்கும் உள்ள உறவு என்ன, அவர்கள் குணம் எப்படிப்பட்டது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இரண்டு பெஞ்சு தள்ளித் தம்பி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தான். நான் அவனைப் பார்க்காமல் சுவரில் புதுச் சுண்ணாம்பைப் பார்த்தேன். சுண்ணாம்பைப் பார்த்ததும் அப்பாவின் விரல் ஞாபகம் வந்தது.

"தனபாலன் எஜமானன், செவிலி மகன் ஊழியன். எஜமானன் குணம் தயை, ஊழியன் குணம் விசுவாசம்."

இன்ஸ்பெக்டர் பலே என்றார். வாத்தியார் மூச்சு விட்டது எனக்கே கேட்டது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த மனுஷர் புத்தகத்தை மூடப் போனவர், என்ன தோன்றியதோ, இதற்கு வேறு விதமாக யாராவது பதில் சொல்வீர்களா, சொன்னால் தப்பில்லை என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். அவர் உண்மையாகவே கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். இன்னொரு பதிலையும் அவர் ஒத்துக்கொண்டிருப்பார்.

தம்பி எழுந்து நின்றான்.

இவன் இப்போது அண்ணன் தம்பி என்று சொல்லி, ஒரே பால் என்று சொல்லி, அவன் பால் குடித்த கதையெல்லாம் சொன்னால், அந்த அண்ணன் யார் என்று கேட்பார்களே, நான் பொய் சொன்னது ஆகிவிடுமே என்று பயந்தேன். அவன் என்னையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"இல்ல சார். அவன் சொன்னதுதான் சரி. எஜமான், ஊழியன்."

இன்ஸ்பெக்டர் அவனுக்கும் ஒரு பலே சொன்னார். இரண்டு பேரும் தேறினோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பிக்குக் கடைசி நிமிஷத்தில் புத்தி வந்ததே, கர்த்தர் காப்பாற்றினார் என்று நினைத்தேன். அவன் அண்ணே என்று சொல்லாமல் அவன் என்று சொன்னதைக்கூட, இன்ஸ்பெக்டர் முன்னால் மரியாதைக்காக அப்படிச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாசம் நான் வேலூருக்குப் போனேன். என் கை அப்பா கேட்டபடியே இருந்தது, இந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். அதற்காக நான் வருத்தப்பட்டால் அது அப்பாவுக்குச் செய்கிற துரோகம். அதே கேள்வியை இன்றைக்குக் கேட்டால் என்ன சொல்வேன் என்று பல தரம் யோசித்திருக்கிறேன். உங்களிடம் பொய் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் சொன்னதும் முழுப் பொய் இல்லை. முதலாளி வீட்டுப் பிள்ளை தேறாவிட்டால் பெஞ்சு, மேஸ்திரி வீட்டுப் பிள்ளை தேறாவிட்டால் குழி என்றால் அது அண்ணன் தம்பி உறவா? தம்பி சொன்னதும் பொய் இல்லை. ஒரு கதையில் இரண்டு பேருக்கு நடுவில் இருப்பதை ஒரு வார்த்தையில் எழுதிவிட முடியுமானால், அந்தக் கதையை எழுதினவர் அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டுப் போயிருப்பாரே.

என் அம்மாவுக்கு அவன் கடைசி வரைக்கும் மகனாகவே இருந்தான். பெருநாள் புடவை ஒரு வருஷமும் தவறியதில்லை. அம்மா போனபோது கல்லறைத் தோட்டத்தில் எனக்கு அடுத்தபடி மண் போட்டவன் அவன்தான், வெயிலில் தொப்பியோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டான். பிறகு என்னிடம் வந்து, உடம்பைப் பாத்துக்குங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வண்டியேறினான். தாய் எங்கள் இருவருக்கும் பொதுவாகவே இருந்தாள். அண்ணன் தம்பி மட்டும்தான் இல்லாமல் போனோம்.

பரீட்சை நடந்த அன்றைக்கே அது முடிந்துவிட்டது. அது எனக்குத் தெரியாமலே முடிந்தது, அதைச் சொல்லி நிறுத்துகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் முன்னாலும் பின்னாலுமாகக் குதித்துக்கொண்டு வந்தேன். அவன் பட்டை கொட்டுகிற மைதானத்துக்கு அருகில் வந்ததும் நின்று, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அதுவரைக்கும் என் பேரை நான் அவன் வாயால் கேட்டதில்லை. தன் புத்தகத்தையும் சிலேட்டுப் பலகையையும் என் பக்கம் நீட்டினான்.

"இதத் தூக்கிக்கினு வா."

சொல்லிவிட்டு நீட்டின கையோடு நின்றான். பட்டை ஏற்றின வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போகிற மட்டும் நின்றான். வாய் இறுகியிருந்தது, கண் மட்டும் என் முகத்தை விட்டு நகரவில்லை. பலகை புதுசு, நான் கீழே போட்டு உடைத்துவிடுவேனோ என்று யோசிக்கிறான் என்று நினைத்தேன். பயப்படாதே, பத்திரமா எடுத்துக்கினு வர்றேன் என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவன் கை கொஞ்ச நேரம் அப்படியே அந்தரத்தில் இருந்தது. பிறகு திரும்பி முன்னால் நடந்தான். நான் பின்னால் நடந்தேன்.

தெருவில் அம்மா நின்றிருந்தாள். தேறிய சங்கதியைச் சொன்னேன். அவள் காது அதில் இல்லை. தன் வீட்டுக்குள் போய்விட்ட அவன் முதுகையும் என் கையில் இருந்த இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவன் நீட்டினா நீ வாங்கிடுவியாடா?"

"ஏம்மா, வாங்கக் கூடாதா?"

அம்மா அவனுடைய பலகையை என் கையிலிருந்து எடுத்து முந்தானையால் துடைத்தாள். புத்தகத்தையும் வாங்கி அதன்மேல் வைத்துக்கொண்டு, தானே அவன் வீட்டுக்குப் போனாள். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் திரும்பி வரவில்லை. நல்லதாப் போச்சு, நமக்கு ஒரு நடை மிச்சம் என்று நான் விளையாடப் போய்விட்டேன்.